உருளியின் அடியில் எழுதியது

வடசேரி,
03.08.2025

மதிப்புக்குரிய ரேஷ்மி அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் மஸ்கட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் பெயர் அஜிதா. என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கும் உங்கள் பெயரை மட்டும்தான் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் கல்யாணப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுத்தவள் நான். நீங்கள் வாழப் போன அதே தக்கலை வீட்டுக்குப் போன ஆவணியில் மருமகளாகப் போனவளும் நான்தான். இந்த இரண்டில் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டாச்சு. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். இனி வாசிப்பதும் கசக்கிப் போடுவதும் உங்கள் இஷ்டம்.

போன் இருக்கிற காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். எங்கள் கடையின் பழைய பில் புத்தகத்தில் விலாசம் தேடிப் பிடித்து, போன ஞாயிற்றுக்கிழமை இரணியலில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் அம்மா கேட்டைத் திறக்கவில்லை, விரட்டவும் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே நான் சொன்னதை முழுவதும் கேட்டார்கள். எனக்க பிள்ளை இப்பதான் ரெண்டு வருஷமாட்டு நிம்மதியா உறங்குதா, நம்பரெல்லாம் தர மாட்டேன் என்று முடிவாகச் சொன்னார்கள். நான் திரும்பி நடந்தபோது, ஏட்டி நில்லு என்று கூப்பிட்டு, வேணும்னா ஒரு லெட்டர் எழுதிக் கொண்டா, மஸ்கட்டுக்குப் போற ஜெஸ்பினிடம் நேந்திரங்காய் சிப்ஸ் குடுத்து விடுவேன், அதோட வச்சு அனுப்புதேன், வாசிக்கதும் வாசிக்காததும் அவ பாடு என்றார்கள். ஆகவே இந்தத் தாளில் எண்ணெய் பட்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் வேலை பார்ப்பது வடசேரியில் சுயம்புராஜ் அண்ணாச்சியின் பாத்திரக்கடையில். பத்து வருஷமாகப் பெயர் வெட்டும் மெஷின் என் கையில்தான் இருக்கிறது. முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு வெட்டுவேன். அதனால் உங்கள் முகம் ஞாபகம் இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயரை எல்லாரும் விளிம்பில்தான் வெட்டச் சொல்வார்கள், நாலு பேர் பார்க்க வேண்டுமே. விளிம்பு எழுத்து தேய்க்கத் தேய்க்க மங்கும், பாலீஷ் போட்டால் மொத்தமாகப் போய்விடும். பிறகு யார் வீட்டு அண்டா யார் வீட்டுக்கு இரவல் போனது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கடை வாசலில் வந்து நின்று கத்துவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, பெரிய பாத்திரம் வந்தால் அடிப்பக்கத்தில் சின்னதாக இன்னொரு தடவை பெயரையும் தேதியையும் வெட்டிவிடுவேன். யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

எனக்கு வரன் கொண்டுவந்தவர் தாணு என்கிற தரகர். பையன் தக்கலையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான், ஒரே மகன், இதுதான் முதல் கல்யாணம் என்று சொன்னார். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா அன்னக்கிளி கும்பிடாத கோயில் இல்லை. அப்பா சவுதியில், தம்மாமில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல் வேலை. அவர் விசாரித்துச் சரி என்றார், நானும் சரி என்றேன்.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் எங்கள் ஆட்கள் அடுக்களை காண வந்தார்கள். நம் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் பாத்திர பண்டங்களோடு வந்து, பெண் புழங்கப்போகிற அடுக்களையைக் கண்டு, சாப்பிட்டுவிட்டுப் போவது. ஒரு வேன் வரும் என்று சொல்லியிருந்தோம், இரண்டு வேன் வந்தது. பாயசத்துக்குப் பாத்திரம் போதவில்லை. மாமி ஒரு வெப்ராளத்தில், என்ன செய்வது என்று தெரியாமல், மச்சில் கிடந்த வெண்கல உருளியை ஆள் விட்டு இறக்கினார்கள். இப்போது யோசித்தால், அன்றைக்கு எங்கள் அத்தைமார் நாலு பேர் குறைவாக வந்திருந்தால் எனக்கு இன்னும் ஒன்றும் தெரிந்திருக்காது.

எல்லாரும் போன பிறகு சாயங்காலம் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். உருளியைக் கவிழ்த்தால் அடியில் என் கையெழுத்து. ரேஷ்மி, பிரதீஷ், 9.2.2020. எனக்கு எழுத்தின் வால் எப்போதும் கொஞ்சம் நீளும், அண்ணாச்சி அதற்காக ஏசாத நாளில்லை. வேறு யார் வெட்டியது என்றாலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அது நான் வெட்டியதாக்கும்.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது எனக்க அக்கா மகளுக்க உருளி என்றார்கள். அக்கா மகளுக்கும் மாப்பிள்ளை பெயர் பிரதீஷா என்று கேட்டேன். மாமி அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்கள். விளிம்பைத் தடவிப் பார்த்தேன். பாலீஷ் போட்டு அழித்த இடம் விரலில் தட்டியது. நல்ல வேலைக்காரன்தான் போட்டிருக்கிறான், ஆனால் அடியைத் திருப்பிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் என்னைக் கட்டின பிரதீஷ் கடையில் இருந்து வந்தார். ஆமா, ஒரு கல்யாணம் நடந்துது, கோர்ட்டில் முடிஞ்சும் போச்சு, இப்ப அதுக்கென்ன என்றார். அந்த அதுக்கென்னவைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்றேன். சொல்லியிருந்தா நீ சம்மதிச்சிருப்பியா என்று என்னையே கேட்கிறார். அதைத் தாலி கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்டு என்ன பிரயோஜனம் என்றேன். சம்மதித்தாலும் சம்மதித்திருப்பேன் அக்கா. இரண்டாம் கல்யாணம் செய்கிறவர்களை நான் குறைவாக நினைப்பவள் இல்லை. உங்களைப் பற்றியும் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் யோசித்து நான் சொல்ல வேண்டிய பதிலை, எனக்குத் தெரியாமலே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது திருட்டு. திருட்டுக்கு வேறு நல்ல பெயர் எனக்குத் தெரியாது.

அப்போதே கிளம்பினேன். துணிகூட எடுக்கவில்லை, உருளியை இடுப்பில் வைத்துக்கொண்டு தக்கலையில் பஸ் ஏறினேன். கண்டக்டர், இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும் என்றார். போடுங்க என்றேன். போன செப்டம்பர் பதினைந்தாம் தேதி போட்ட அந்த டிக்கெட் இப்போது என் வக்கீலிடம் பத்திரமாக இருக்கிறது.

வக்கீல் பெயர் சத்தியபாய். நாகர்கோவில்காரர். எனக்கு விவாகரத்து வேணும் மேடம் என்று போய் நின்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, உனக்கு வேண்டியது அது இல்ல என்றார். நன்றாக நடந்த கல்யாணம் பிறகு கெட்டுப்போனால் விவாகரத்து. கல்யாணம் நடந்த விதமே கெட்டது என்றால், அந்தக் கல்யாணத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் பன்னிரண்டாம் பிரிவு. அதில் நாலு காரணம் இருக்கிறது. தாம்பத்தியத்துக்கு இயலாதவர் என்பது ஒன்று, மனநிலை சம்பந்தமானது ஒன்று, கல்யாணத்தின்போதே பெண் வேறொருவரால் கர்ப்பமாக இருந்தது ஒன்று. மிரட்டியோ, முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றியோ சம்மதம் வாங்கியது இன்னொன்று. என் வழக்கு இதில்தான் வரும் என்றார். கூடவே இரண்டு நிபந்தனையும் சொன்னார். ஏமாற்றினது தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். தெரிந்த பிறகு மனசு ஒத்து அவரோடு மனைவியாக வாழ்ந்திருக்கக் கூடாது. வாழ்ந்தால் ஏமாற்றினதை நாமே மன்னித்துவிட்டோம் என்று ஆகிவிடுமாம்.

இந்த இரண்டாவது விஷயம் அந்த வீட்டுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நாலு மாசம் எட்டிப் பார்க்காத மாமி, தைப்பொங்கலுக்கு முந்தின நாள் காரில் வந்து இறங்கினார்கள். தலைப்பொங்கல் மக்கா, ஒரே ஒரு நாள் வந்து நில்லு, ஊர் வாயை அடைக்கணும், மறுநாள் நானே கொண்டு விடுதேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் அம்மா அதற்குள் என் துணியைப் பையில் அடுக்கிவிட்டாள். நான் பையைத் திருப்பித் துணியைக் கட்டிலில் கொட்டினேன். வெளியே கார் டிரைவர் செல்போனில் என்னை வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். பொங்கலுக்கு அழைக்க வந்தவர்களுக்கு வீடியோ எதற்கு? மாமிக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்து, சந்தோஷமாகப் பொங்கல் விடுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது வேறு ரூட்டில் வருகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புதலோடு விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம், ரேஷ்மியும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டாள், சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்கிறார்கள். அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். பத்து நாள் அந்த வீட்டில் இருந்தாச்சு, இனி ரத்தானா என்ன, விவாகரத்தானா என்ன என்கிறாள். அந்தப் பத்து நாளும் ஏமாற்றி வாங்கியதுதான் என்று சொன்னேன். ஒப்புதல் மனுவில், எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு யாரோடும் ஒத்துப்போகாமல் இல்லை. பொய்யை மறைக்க இன்னொரு பொய்யில் நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? அப்படி ஒரு மரியாதையான தாள் உங்கள் பெயரில் ஏற்கெனவே இருந்ததால்தானே அவர்களால் உங்களையே மறைக்க முடிந்தது. மூன்றாவதாக ஒருத்தியை ஏமாற்ற நான் வழி விட மாட்டேன்.

எங்கள் வக்கீல் நோட்டீசுக்கு அவர்கள் பதில் அனுப்பியிருக்கிறார்கள். முதல் கல்யாணத்தைத் தரகர் மூலமாகப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டோம், எல்லாம் தெரிந்துதான் கட்டி வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். தாணு கோயில் நடையில் சத்தியம் செய்யவும் தயாராம். செய்யட்டும். என் அப்பா இருபத்திரண்டு வருஷமாகத் தம்மாம் வெயிலில் கிடந்து எங்களை வளர்த்தவர். அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆளை வீட்டுப் படி ஏற விட்டிருக்க மாட்டார். இந்தக் கேஸில் எனக்கு எதில் சந்தேகம் இருந்தாலும் அதில் மட்டும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் வழக்கின் தீர்ப்பு நகல் எனக்கு வேண்டும். முடிந்தால் கோர்ட்டில், ஆமாம், நான் இந்த ஆளைக் கல்யாணம் செய்து அந்த வீட்டில் வாழ்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆறிப்போன புண்ணைக் கிளறுகிறேன் என்று தெரியும். தெரிந்தும்தான் கேட்கிறேன். வருகிற செப்டம்பர் பதினைந்தோடு எனக்குள்ள ஒரு வருஷம் முடிகிறது.

நீங்கள் முடியாது என்றாலும் உருளி உங்களுடையது. புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். கேஸ் முடிந்ததும் இரணியலில் கொண்டு கொடுப்பேன்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
அஜிதா.

*

மஸ்கட்,
19.08.2025

அன்புள்ள அஜிதாவுக்கு,

உன் கடிதம் சிப்ஸ் மணத்தோடு வந்து சேர்ந்தது. டூட்டிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை வாசித்தேன். உன்னைவிட ஒரு வயசுதான் கூட இருப்பேன், இருந்தாலும் அக்கா என்றே கூப்பிடு. எனக்கு உன்னை மாதிரி வளைத்து எழுத வராது. நேராகச் சொல்கிறேன்.

தீர்ப்பு நகல் இரணியலில் என் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மாவிடம் பேசிவிட்டேன். போய் வாங்கிக்கொள். இந்தத் தடவை கேட்டைத் திறப்பார்கள். விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டால் லீவு போட்டு வருவேன்.

நான் ஏன் அந்த மரியாதையான தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் நர்சிங் முடித்தவள். வேலைக்குப் போவேன் என்று சொல்லித்தான் கல்யாணம் செய்தேன். போன மறுவாரமே என் சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் மாமி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கொரோனா வந்தது, ஆஸ்பத்திரிகளில் எல்லாம் ஆள் தேடினார்கள், நான் அந்த அடுக்களையில் இருந்தேன். பிரதீஷிடம் சொன்னால், அம்மாட்ட கேளு என்பார். ஏழு மாசம் அந்த ஒரு பதில்தான். பிரிந்து வந்த பிறகும் சர்ட்டிபிகேட்டைத் தரவில்லை. ஒத்துப்போகவில்லை என்று கையெழுத்துப் போட்டால் தருகிறோம் என்றார்கள். போட்டேன். கோர்ட் வாசலில் வைத்துத்தான் கவரைக் கையில் கொடுத்தார்கள். உருளி ஞாபகமே வரவில்லை. அன்றைக்கு இருந்த நிலையில் நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நீ போடாமல் நிற்கிறாய். அதற்காகவே உனக்கு உதவ வேண்டும் என்று தோன்றியது.

இனி சொல்வதை உட்கார்ந்து வாசி. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். உன் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் எனக்கு ஒரு போன் வந்தது. சவுதி நம்பர். தாணுவிடம் நம்பர் வாங்கினதாகச் சொன்னார். பெயர் குமாரதாஸ், பிரதீஷுக்குப் பேசி வைத்திருக்கிற பெண்ணின் அப்பா என்றார். நீங்க ஏன் பிரிஞ்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா மக்களே என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். மேலே உனக்கு எழுதியதை எல்லாம் அவரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கடைசியில், அவன் அடிப்பானா என்று கேட்டார். இல்லை, கை ஓங்கினது இல்லை என்றேன். குடிப்பானா என்றார். இல்லை என்றேன். அது போதும் மக்களே, நீ நல்லா இரு என்று சொல்லி வைத்துவிட்டார்.

உன்னிடம் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் சொல்லவில்லை என்று தெரிந்தது. இது உன் கேஸைக் கெடுக்குமோ என்னவோ, எனக்குச் சட்டம் தெரியாது. இதை நானும் மறைத்தால் அந்த வீட்டு ஆட்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். கோபப்படு, அழு, என்னை ஏசு, ஆனால் சாப்பிடாமல் இருக்காதே.

உருளி உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
ரேஷ்மி.

*

வடசேரி,
29.08.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அஜிதா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. கீழ்ப்பக்கத்துத் தென்னையில் வண்டு விழுந்திருக்கிறது, மருந்து வைத்திருக்கிறோம்.

கடிதம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் மூன்று நாள் போன் செய்தேன். ரேஷ்மியிடம் பேசினீர்களா அப்பா என்று கேட்டதும், சிக்னல் சரியில்ல மக்களே என்று வைத்துவிட்டீர்கள். மூன்று நாளும் அதே இடத்தில் சிக்னல் போனது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். பக்கத்து வீட்டு ஸ்டெனி சனிக்கிழமை தம்மாமுக்கு வருகிறான், உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ரேஷ்மி எனக்கு எல்லாம் எழுதிவிட்டாள். வாசித்த அன்றைக்குக் கடையில் நாலு குத்துவிளக்கில் பெயரைத் தப்பாக வெட்டினேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. சுயம்புராஜ் அண்ணாச்சி ஒன்றும் ஏசவில்லை, வீட்டுக்குப் போ என்றார். அவர் ஏசாதது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

உங்கள் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பது ஆகிறது, வந்த வரனெல்லாம் தட்டிப் போகிறது, இவளிடம் சொன்னால் வேண்டாம் என்று விடுவாள், சொல்லாமல் இருந்தால் கொஞ்ச நாளில் பழகிவிடும், பையன் அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். இவ்வளவுதான் நினைத்திருப்பீர்கள். அன்பில்லாமல் நினைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. மெஸ் வேலைக்கு நடுவில் அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப் பிடித்து விசாரித்திருக்கிறீர்கள். எத்தனை அப்பாமார் செய்வார்கள்? ஆனால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவளுக்குச் சொல்லவில்லை. அது போதும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்குப் போதுமா என்று என்னிடம் கேட்க ஒரு போன் போதும் அப்பா. அப்போதெல்லாம் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணப் புடவை என்ன நிறம் என்று வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசினோமே.

தாணு சொல்வது பொய் என்று ரேஷ்மிக்கு எழுதியிருந்தேன். என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆளைப் படி ஏற விட மாட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அந்தத் தக்கலை வீட்டுக்காரர்கள் மேல் கோபம். நீங்கள் செய்தது என்னவென்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

ரேஷ்மியின் கடிதத்தை வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். வேண்டாம் மக்கா, அது ரேஷ்மிக்கும் அப்பாவுக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும், கிழிச்சுப் போடு, தாணு வாயாலே சொன்னதுதானே, அதுக்கு சாட்சி இல்ல, அப்பாவைக் கூண்டில் ஏத்தாத என்று அழுதாள். நான் கிழிக்கவில்லை. மறைத்தார்கள் என்று வழக்குப் போடப் போகிறவள் மறைத்து ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு?

சத்தியபாய் மேடம் இரண்டு தடவை வாசித்தார். அப்பாவுக்குத் தெரிந்தால் மகளுக்கும் தெரிந்தது மாதிரிதான் என்று எதிர்த்தரப்பு வாதாடுவார்கள், அதை லேசாக நினைக்காதே என்றார். அப்புறம், ஆனா சட்டம் கேட்பது கல்யாணம் செய்தவளின் சம்மதத்தை, நீ சின்னப் பிள்ளை இல்ல, உனக்காக வேறொருத்தர் சம்மதிக்க முடியாது, இதை வச்சு நான் வாதாடுவேன், ஜெயிக்கும்னு மட்டும் எழுதித் தர மாட்டேன் என்றார். எழுதித் தர வேண்டாம் மேடம், மனுவில் எழுதுங்கள் என்றேன். மனுவில் எட்டாவது பத்தியில் நானே சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறோம். என் தந்தைக்கு இது தெரியும், அவர் என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமல்தான் என் சம்மதம் வாங்கப்பட்டது. செப்டம்பர் எட்டாம் தேதி திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம். சாட்சிகளின் பட்டியலில் முதலில் ரேஷ்மி பெயர் இருக்கிறது. இரண்டாவது உங்கள் பெயர்.

அம்மா சொல்கிறாள், ஒரு அப்பாவை மகள் இப்படிச் செய்யலாமா, சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்போம் என்று. சொந்தக்காரர் இரண்டு வேனில் வந்து பாயசம் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, எப்போது திரும்பிப் போகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் முகத்தில் நான் தினமும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

நான் தோற்கலாம். தோற்றால் மேல் கோர்ட்டுக்குப் போவேன். அங்கேயும் முடியாது என்றால், சட்டப்படி நான் அவருக்கு மனைவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆனால் அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன், ஒத்துப்போகவில்லை என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவும் மாட்டேன். எனக்குக் கையில் தொழில் இருக்கிறது. ஊருக்கு வந்திருந்த நீங்கள்தான் பத்தாம் வகுப்பு லீவில் என்னை அந்தக் கடையில் கொண்டு விட்டீர்கள். சும்மா இருக்காத மக்களே, ஒரு வேலை படிச்சா யாருக்கும் தலை குனிய வேண்டாம் என்று சொன்னீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு எதிராக நான் கேஸ் போடவில்லை அப்பா. உங்களைச் சாட்சியாகத்தான் கூப்பிடுகிறேன். நீங்கள் வராவிட்டால் தாணு சொன்னதுதான் நிற்கும். பெண்ணின் அப்பாவுக்கு எல்லாம் தெரியும், ஆகவே பெண்ணுக்கும் தெரியும் என்று ஆகிவிடும். அது பொய் என்று சொல்ல இந்த உலகத்தில் உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அவமானமாக இருக்கும். கறுப்புக் கோட்டுக்காரர் ஒருத்தர், பெற்ற மகளையே ஏமாற்றினீரா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். தலை குனிந்து உட்கார மாட்டேன், உங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தம்மாமில் நீங்கள் சோறு கொண்டுபோகிற டிபன் கேரியர் நான் வாங்கித் தந்தது. மூடியில் உங்கள் பெயரை வெட்டித் தந்தேன். அது இப்போது தேய்ந்திருக்கும். இன்றைக்குக் கழுவும்போது கீழ்த் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். குமாரதாஸ், அஜிதாவின் அப்பா என்று வெட்டியிருக்கிறேன். அதை அழிக்கிற எண்ணம் எனக்கு இல்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். சாட்சி விசாரணைக்குத் தேதி வந்ததும் தெரிவிக்கிறேன். லீவு தர மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள், கல்யாணத்துக்குத் தந்தார்களே. வாங்க அப்பா. வந்து கூண்டில் ஏறி, எனக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியாது என்று ஒரு தடவை சொல்லுங்கள். கேஸ் எப்படிப் போனாலும் சரி, எனக்கு அது போதும்.

உங்கள் மகள்,
அஜிதா.